தங்கை எழுதிய வாக்கியம்

புதன்கிழமை, இரவு

சாயந்திரம் உப்பளத்திலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே தங்கை மீனா தமிழ் நோட்டை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். "வெறுப்பு என்றால் கொஞ்சமும் பிடிக்காமை. என் அக்காவுக்கு என்மேல் வெறுப்பு."

"என்னாடி எழுதி வச்சிருக்கிற?" என்று அம்மா கேட்டாள்.

"சொந்தமா வாக்கியம் எழுதச் சொன்னாங்கம்மா. டீச்சர் டிக் போட்டுட்டாங்க, பாரு."

"டீச்சருக்கு உங்க அக்காவ எப்படித் தெரியும்?" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போகாமல் அங்கேயே நின்றேன்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு சந்தேகம் கேட்க வந்தால், "போடி, தெரியாது" என்று விரட்டுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள், அவள் ஒன்பதாவது. உண்மையிலேயே எனக்குத் தெரியாது. காலையில் நான் பாத்தியில் உப்பு வாரும்போது, ரோட்டில் யூனிபார்மோடு போகிறவள் கையாட்டுவாள். நான் பார்க்காத மாதிரி குனிந்துகொள்வேன். அவளைப் பிடிக்காமல் இல்லை. அவள் போவதைப் பார்க்கத்தான் முடியவில்லை. அதற்கும் இதே சொல்தானா?

படுக்கும்போது, "நாளைக்கு நான் தலை பின்னிவிடட்டுமா?" என்று கேட்டேன். அதைக் கேட்பதற்கே அவ்வளவு நேரம் ஆனது.

"வேணாங்க்கா. உனக்குக் கையெல்லாம் புண்ணா இருக்குது" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

என் கை வலிக்கும் என்று சொன்னாளா, இந்தக் கை மேலே படவேண்டாம் என்று சொன்னாளா? தூங்கிவிட்டாள்.