கேட்காத பாட்டுக்குச் சொன்ன பதில்

டிக்கோயா,
04.12.2024

அன்பு மகள் ஷெரோமிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறபடி சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைத் தினமும் செபமாலையில் மாதாவிடம் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனாலும் உன் வாயால் கேட்டால்தான் எனக்கு நம்பிக்கை. போன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பொய்தான் வருகிறது மகளே, அதனால்தான் பேப்பரை எடுத்தேன். பக்கத்து வீட்டு சர்மிளா டீச்சர் இதைப் படம் பிடித்து ஒரு நிமிஷத்தில் அனுப்பிவிடலாம் என்கிறாள், நல்ல பிள்ளைதான், ஆனால் படம் பிடிக்கிறவள் படிக்காமல் இருப்பாளா, நானே ஹட்டனுக்குப் போய் ரெஜிஸ்டர் தபாலில் போடப்போகிறேன். ஜனவரி கடைசியில் உன் பாட்டை ரெக்கோட் பண்ணப்போகிறார்கள் என்றாய், அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும், எனக்கு இப்போது அந்த ஒரு கவலைதான்.

அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கிளினிக்கில் நன்றாக நடக்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னால் மனுஷன் லீக்ஸ் பாத்தி கொத்துகிறார், கேட்டால் "அதுவும் நடதான்டி" என்கிறார். அவரோடு தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்த பழனியாண்டி அண்ணனின் மகள் தனுஜாவுக்கு உடப்புசல்லாவையில் மாப்பிள்ளை முடிந்திருக்கிறது, தை பிறந்ததும் கல்யாணம். மழை விடுகிற பாடில்லை, துவைத்த துணியெல்லாம் வீட்டுக்குள்தான் தொங்குகிறது. நீ பகலெல்லாம் பிள்ளைகளுக்கு பியானோ சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து பிறகுதான் எழுத உட்காருகிறாய் என்றும், இந்த ஒரு பாட்டுக்கு எட்டு மாதம் எடுத்தது என்றும் சொன்னாய், அந்த எட்டு மாதத்தில் எந்த நேரம் சாப்பிட்டாய் என்று மட்டும் சொல்லவில்லை. பாணும் சீஸும் ஒரு சாப்பாடா? ஒரு பிடி சோறு வடித்துப் பருப்பாவது வை. காலுக்குக் கம்பளிச் சொக்ஸ் போடு, தலைக்கு எண்ணெய் வை, மணக்கிறது என்று யாராவது முகத்தைச் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒக்டோபரில் அங்கே கொலோன் ஊர் மண்டபத்திலிருந்து உன் பாட்டை நேரடியாகக் காட்டினார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே பகல் இரண்டரை மணி. நான் சும்மா இருப்பேனா? பூசை முடிந்து வந்த அத்தனை பேரையும் பிடித்து நிறுத்தி, சாமியாரிடம் கேட்டுக் கோயில் மண்டபத்தைத் திறந்து, நாற்பது பேருக்குப் பிளேன்டீயும் ரோல்ஸும் கொடுத்து உட்காரவைத்தேன். சர்மிளா தன் போனைப் பெரிய டிவியில் பொருத்திவிட்டாள். உண்மையைச் சொல்கிறேன், கோபிக்காதே, முதல் பத்து நிமிஷமும் வயலின்காரர்கள் சுருதி சேர்க்கிறார்கள் என்றே நினைத்தேன், அதுதான் பாட்டு என்று பிறகுதான் தெரிந்தது. பழனியாண்டி அண்ணன் என் பக்கம் சாய்ந்து "எப்ப தொடங்குவாங்க?" என்று கேட்டார், நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார். ஆனால் போகப்போக அந்த ஆள் உயர வயலின்கள் அடியில் முனக ஆரம்பித்தபோது எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது, அது பொய் இல்லை. பிறகு திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. குச்சி பிடித்தவர் கையைத் தூக்கியபடியே நிற்கிறார், ஒருவரும் அசையவில்லை. டிவியில் ஆட்கள் அப்படி அசையாமல் நின்றால் நம் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், சிக்னல் போய்விட்டது. "ஐயோ ஆன்ட்டி, டேட்டா நின்னுருச்சு" என்று சர்மிளா பாய்ந்து போய் போனை அணைத்துப் போட்டாள், அப்பா "வெளிய கொண்டு வா புள்ள, தண்ணி டேங்கிக்கிட்ட புடிக்கும்" என்று கத்தினார், மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் டேங்கிக்கு ஓடியது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்ததை நாங்களே நிறுத்தினோம், அதற்குப் பிறகு சிக்னல் உண்மையாகவே போய்விட்டது. ஒருவழியாகப் படம் திரும்பி வந்தபோது அங்கே எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், நீ பூச்செண்டோடு குனிந்து கும்பிடுகிறாய். நாங்களும் தட்டினோம். பழனியாண்டி அண்ணன் "இந்தக் கைதட்டு மட்டுந்தாங்க எனக்கு நல்லா வெளங்குச்சு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் நீ போன் எடுத்தாய். "அம்மா, கடைசிப் பகுதியக் கேட்டீங்களா, கோவம் இல்லையே, அத நான் வச்சுக்கலாமா" என்று கேட்டாய். நாற்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், எட்டு மாத உழைப்பு, கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? "கேட்டேன் மக, ரொம்ப நல்லா இருந்துச்சு, எனக்கு என்ன கோவம், தாராளமா வச்சுக்க" என்றேன். நீ ஓவென்று அழுதாய். களைப்பு என்று நினைத்துப் போய்ப் படுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் "நீங்க சரின்னு சொன்னதுதாம்மா எனக்குப் பெருசு" என்கிறாய், "அம்மாவின் சம்மதத்தோடு" என்று பாட்டோடு வரும் புத்தகத்தில் அச்சடிக்கப்போவதாகச் சொல்கிறாய், நானும் ஆமாம் ஆமாம் என்கிறேன். எதற்குச் சம்மதம் என்று அப்போது எனக்குத் தெரியாது ஷெரோமி. வெட்கத்தில் கேட்கவும் இல்லை.

போன சனிக்கிழமை சர்மிளா தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். மண்டபத்துக்காரர்கள் முழுப் பாட்டையும் இணையத்தில் போட்டிருக்கிறார்களாம். "அன்னைக்கு சிக்னல் போகல ஆன்ட்டி, அது பாட்டுலயே அப்படித்தானாம், ரெண்டு நிமிஷம் எல்லாரும் சும்மா இருக்கணுமாம்" என்று சொல்லி, போனை எங்களிடம் வைத்துவிட்டுப் போனாள். நானும் அப்பாவும் குசினியில் லீக்ஸ் அரிந்துகொண்டே கேட்டோம். அந்த இடம் வந்தது, இந்தத் தடவை தொடாமல் இருந்தோம். பிறகு முதலில் ஒரு பெண் தனியாக, பிறகு இரண்டு பேர், பிறகு அந்த வெள்ளைக்காரப் பாடகர்கள் அத்தனை பேரும், பெனடிக்ட், பெனடிக்ட் என்று.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். உன் அண்ணன் போனபோது அவனுக்கு நாலு வயது, உனக்கு எட்டு மாதம். ஐந்து நாள் காய்ச்சல், டாக்டர் தன்னால் ஆனதெல்லாம் பார்த்தார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்லவில்லை, சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை, அப்படியே நின்றுபோனது. கல்லறைத் திருநாளில் அப்பாவோடு போய்ச் சிலுவையில் படித்ததுதான் உனக்குத் தெரியும். ஏழு வயதில் ஒருநாள் அண்ணன் எப்படி இருந்தார் என்று கேட்டாய், நான் உன்னைத் தண்ணீர் பிடித்துவர அனுப்பினேன். பிள்ளைமடுவத்தில் முப்பத்தொரு வருஷம் ஆயாவாக இருந்து, கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளை எல்லாம் நாளுக்கு நூறு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்ட வாய் இது, பெற்றவனை மட்டும் கூப்பிட முடியவில்லை. யாரைக் கேட்டு என் பிள்ளையை இப்படிச் சபையில் கூப்பிடுகிறாள் என்று அந்தப் போனைப் பார்த்தே கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது, நீ என்னைத்தான் கேட்டாய், நான்தான் சரி என்றேன்.

அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரைக்கும் கேட்டார். முடிந்ததும் "பெனடிக்ட்னு கூப்பிட்டா அவன் எங்க திரும்புவான், அது அவனுக்குத் தெரியாத பேராச்சே" என்றார். முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு அவனைப் பற்றி இந்த மனுஷன் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. உண்மைதான் மகளே, அந்தப் பெயர் ஞானஸ்நானத்துக்கு வைத்தது, அதோடு சரி. வீட்டில் அவன் உருளா. பிறந்தபோதே கிழங்கு மாதிரி உருண்டையாக இருந்தான் என்று அப்பா வைத்த பெயர். எந்த மலையிலிருந்து உருளா என்று கூப்பிட்டாலும் நின்று திரும்பிப் பார்ப்பான், பார்த்துவிட்டு எதிர்ப் பக்கம் ஓடுவான். அன்று பொழுது சாயும்வரை நாங்கள் அவனைப் பற்றியே பேசினோம், அடுப்பில் எதுவும் வைக்கவில்லை. ஒருநாள் அவனை ஃபெக்டரிக்குத் தூக்கிப் போனதாகவும், தேயிலைத் தூசிக்கு விடாமல் பதினொரு தும்மல் தும்மினான் என்றும் அப்பா சொன்னார், இத்தனை வருஷமாக எனக்கே தெரியாது. நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். உன் தொட்டிலை யாரையும் தொடவிட மாட்டான். தினமும் ஒரு கொழுந்தைக் கிள்ளிவந்து உன் கைக்குள் வைத்து விரலை மூடிவிடுவான், நீ அதை வாயில் வைக்கப் போவாய், நான் பிடுங்குவேன், அவன் என்னோடு சண்டைக்கு வருவான். அந்தப் பாட்டுக்குக் கீழே "தெரியாத அண்ணனுக்கு" என்று நீ எழுதியிருப்பதாக சர்மிளா படித்துச் சொன்னாள். உனக்கு அவனைத் தெரியாமல் இருக்கலாம் ஷெரோமி, அவனுக்கு உன்னை நன்றாகத் தெரியும்.

ஆகவே நீ அன்று கேட்டதற்கு இப்போதுதான் பதில் சொல்கிறேன். பொய் சொன்னதற்கு என்னை மன்னித்துக்கொள். அந்த இடத்தை வைத்துக்கொள், ஆனால் பெயரை மாற்று. எழுதி முடித்த இசையில் ஒரு பெயரை எடுத்து இன்னொன்றை வைப்பது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியாது, எவ்வளவு ஆனாலும் மாற்று. கடைசி எழுத்தை நீட்டிக் கூப்பிடச் சொல். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கூப்பிட வேண்டாம், கூப்பிட்டால் கொஞ்சம் பொறுக்கச் சொல், விளையாட்டில் இருந்தால் அவன் மெதுவாகத்தான் திரும்புவான். அந்த நாட்டுக்காரர்களுக்கு ளா வராவிட்டால் பரவாயில்லை, அவனே தன்னை உருலா என்றுதான் சொல்வான்.

மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் கைக்கும் காதுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நத்தார்ப் பண்டிகை அன்று தனியாக இருக்காதே, யார் வீட்டுக்காவது போ. பெயரை மாற்றியதும் எங்கள் இரண்டு பேருக்கும் முதலில் கேட்கக் கொடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உனக்கும் உருளாவுக்கும் அம்மா,
டோரீன்