கதவைத்தான் அட்ஜஸ்ட் பண்ணணும்

உன் பச்சை நிறத் தண்ணீர் பாட்டிலை இப்போதுதான் கழுவிக் கவிழ்த்தேன். மூடியில் நீ கடித்த பல்தடம் அப்படியே இருக்கிறது. மழைக்காலக் காய்ச்சலில் நீ போன பிறகு, "அவ வேற யாருக்கும் இத தரமாட்டா, நீயே வச்சுக்கோம்மா" என்று உன் அம்மா கொடுத்தார்கள். இத்தனை நாள் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று பள்ளிக்கு எடுத்துப் போனேன். நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

அட்ஜஸ்ட். உனக்கு எரிச்சல் மூட்ட அந்த ஒரு சொல் போதும். இரும்புலியூரில் ஷேர் ஆட்டோ ஏறும்போதே அது நம் காதில் விழுந்துவிடும். "அக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு உக்காருங்க, பாப்பா ரெண்டு ஏறுது!" ஒருநாள் நாம் உள்ளே நசுங்கிக் கிடந்தபோது, மூட்டையோடு நின்ற ஒருவரையும் ஏற்றப் பார்த்தார் ஓட்டுநர். நீ தலையை வெளியே நீட்டினாய். "அண்ணா, இனிமே கூரைதான் பாக்கி. நீங்க அட்ஜஸ்ட் பண்ணி மேல ஏறிக்கோங்க, நாங்க ஓட்டுறோம்."

"இன்னா வாய் கீது பாரு இந்தப் பொண்ணுக்கு!" என்று அவரே சிரித்துவிட்டார்.

பள்ளியில் அப்படிச் சிரிக்க முடியவில்லை. பெண்கள் கழிப்பறையின் இரண்டு கதவுகளிலும் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் ஓட்டை மட்டும். ஓட்டையில் துப்பட்டாவை நுழைத்து உட்பக்கம் முடிச்சுப் போடுவோம். வெளியே நிற்பவள் முனையை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். எனக்காக எப்போதும் நீதான் பிடிப்பாய். குழாய்ப் பக்கம் போகிற பையன்கள், "இன்னாடி, தேர் இழுக்குறீங்களா?" என்பார்கள்.

"ஆமா, சாமி உள்ள இருக்கு. கும்புட்டுட்டு ஓடு!" என்பாய். உள்ளே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும்.

அதனால்தான் நாங்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. நிரப்பிய பாட்டிலை நிரம்பியபடியே வீட்டுக்குக் கொண்டுபோவோம். நீ ஒருத்திதான் மதியத்துக்குள் காலி செய்வாய். எனக்கு நீர்க்கடுப்பு வந்து லீவு போட்டபோது, நீ வகுப்பு மிஸ்ஸிடம் போய்த் தாழ்ப்பாள் கேட்டாய். "பொம்பளப் பிள்ளைங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்மா" என்றார்களாம்.

அன்று மாலை நான் அகராதியைப் புரட்டினேன். எந்தக் குழப்பத்துக்கும் அகராதியைத் தூக்கும் பழக்கம் எனக்கு. 'புத்தகப்புழு' என்று அதற்காகத்தான் கூப்பிடுவாய். 'அட்ஜஸ்ட்' என்ற வினைச்சொல்லுக்கு முதல் பொருள், ஒன்றைச் சற்று மாற்றிச் சரியாகப் பொருந்தச் செய்வது. மூக்குக்கண்ணாடி, நாற்காலியின் உயரம், பையின் வார் என்று எடுத்துக்காட்டுகள். புதிய சூழலுக்கு மனிதர் பழகிக்கொள்வது அதற்குப் பிறகுதான் வந்தது. படித்துக் காட்டினேன். நீ யோசிக்கவே இல்லை.

"அப்போ கதவத்தான்டி அட்ஜஸ்ட் பண்ணணும். நம்மள ஏன் பண்றாங்க?"

பிறகு உன் திட்டத்தைச் சொன்னாய். எல்லாரும் ஒருநாள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, டீச்சர்கள் கழிப்பறை வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். அங்கே தாழ்ப்பாள் இருக்கிறது. "போடி, டிசி குடுத்துருவாங்க" என்றேன். "குடுக்கட்டும். டிசில காரணம் எழுதணும்ல? தண்ணி குடிச்சான்னு எழுதட்டும்" என்றாய்.

நீ போன மறுவாரம் உன் இடத்தில் வேறொரு பெண்ணை உட்கார வைத்தார்கள். நான் அழுதேன். மிஸ் தலையைத் தடவி, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் உன் காலி இடமும் தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவும் ஒன்றா? இரண்டுக்கும் எப்படி ஒரே சொல் போதும்?

இன்று மூன்றாவது பீரியடில் உன் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தேன். வகுப்பே பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்த புதுப்பெண், "யாரு துப்பட்டா பிடிப்பா?" என்றாள். "யாரும் வேணாம்" என்று சொல்லி, உன் திட்டத்தைச் சொன்னேன். அவளும் குடித்தாள். பின்வரிசையிலும் மூடிகள் திறக்கும் சத்தம் கேட்டது.

இடைவேளையில் டீச்சர்கள் கழிப்பறை வாசலிலிருந்து மாடிப்படி வரை நீண்டது எங்கள் வரிசை. மிஸ் ஓடி வந்தார்கள். "என்னடி இது? டீச்சர்ஸ் எல்லாம் எங்க போறது?"

பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "மிஸ், தாழ்ப்பாள் போடுற வரைக்கும் நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மிஸ்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கதவைத் திறந்து விலகி நின்றார்கள்.

மாலையில் ஒருவர் வந்து ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் அடித்தார். இன்னொன்றுக்கு இல்லை. "இப்போதைக்கு ஒண்ணு வச்சு அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்று ஆபீஸில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

உன் பாட்டில் காய்ந்துவிட்டது. நாளைக்கு நிரப்பப் போகிறேன்.