அப்பாவின் பெயரில் போன கேள்வி

அன்புள்ள நிருஜா அக்காவுக்கு,

வடக்கே துரொம்சோவின் பகலிலும் விடியாத இருட்டுக்குள்ளும் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ரொம்மனில் வீட்டில் மூவருக்கும் உடம்பு சுகம், மற்றதொன்றும் சுகமில்லை. போனில் கதைத்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவா, அதனால் எல்லோரும் படுத்த பிறகு போர்வைக்குள் இருந்து இந்த மின்னஞ்சல். வாசித்ததும் அழித்துவிடுங்கள்.

அம்மாவின் முறிந்த கை பொருந்திவிட்டது, ஆனாலும் குளிரில் உளைகிறது. லொறிக் கண்ணாடி தட்டி விழுத்திய அதே வீதியால்தான் விடியப்புறம் முதியோர் இல்ல வேலைக்கு மறுபடி சைக்கிளில் போகிறா, அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. அந்த வீதிக்கு சைக்கிள் பாதைத் திட்டம் இருக்கிறதாம், கோடைக்கு முன் வெளியிடுவோம் என்றார்கள், பிறகு இலையுதிர் காலம் என்றார்கள், இப்போது பனியும் கொட்டிவிட்டது. அரசாங்கப் பத்திரங்களை யாரும் கேட்டுப் பார்க்கலாம், பெயர்கூடத் தேவையில்லை என்று பள்ளியில் படிப்பித்தார்கள், நானும் வீதிகளைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோருக்கு எழுதி அந்தத் திட்டத்தைக் கேட்டேன். பெயர் போடாதது மொட்டைக் கடிதம் என்று தமிழ்ப் பள்ளியில் மரியரஞ்சனி ரீச்சர் சொன்னது நினைவில் நின்றதால், அடியில் என் பெயரைச் சுருக்கி க. தர்மலிங்கம் என்று மரியாதையாகப் போட்டேன். அப்பாவும் கந்தையா தர்மலிங்கம் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. கந்தோருக்கு வரும் கடிதங்களின் பட்டியலை இணையத்தில் எவரும் பார்க்கலாம், அதிலும் அதே பெயர்.

வேலை முடியாத பத்திரம், தர முடியாது என்று பதில் வந்தது. அதைவிடப் பயங்கரம், அப்பா பனி தள்ளுகிற கொம்பனிக்கு வேலை கொடுப்பதே அந்தக் கந்தோர்தான். என்ன தர்மலிங்கம், ட்ரக்டரை விட்டிட்டு சைக்கிள் ஓடப்போறியோ, அடுத்த வருசம் வேலை வேண்டாமோ என்று பட்டியலில் பெயரைக் கண்ட முதலாளி சிரித்துச் சிரித்துக் கேட்டானாம். அப்பா சாப்பாட்டு மேசையில் இவ்வளவும் சொல்லி முடிக்க முதல் அம்மா கரண்டியோடு நின்று, இவ்வளவு காலத்துக்கு இப்பதான் இந்த மனுசன் எனக்காக வாய் திறந்திருக்குது என்று அழுதுவிட்டா. அப்பா மறுக்கவில்லை. என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டார். பிறகு நான் கோப்பை கழுவும்போது பக்கத்தில் வந்து மெதுவாக, நான் இல்லையெண்டுதான் சொன்னனான், அவன் நம்பேல்லை, நீ அதைத் திரும்ப எடு பிள்ளை, கொம்மாட்டைச் சொல்லாதை என்றார்.

அக்கா, திரும்ப எடுத்தால் திட்டம் அலுமாரிக்குள்ளேயே கிடக்கும், எடுக்காவிட்டால் அப்பாவின் வேலை போகும். ஒவ்வொரு விடியலும் அம்மாவின் சைக்கிள் பின்விளக்கு வளைவில் மறையும்வரை ஜன்னலில் நிற்கிறேன், வந்து சேர்ந்திட்டன் என்று அவ மெசேஜ் போடும்வரை போனைக் கீழே வைப்பதில்லை. பத்திரம் தர மறுத்ததற்கு எதிரான மேன்முறையீட்டுக்கு வெள்ளி கடைசி நாள். அனுப்பத்தான் போகிறேன், முதலில் கேட்டதும் நான்தான், அப்பா அல்ல என்றும் எழுதப் போகிறேன். முதலாளி நம்புவானோ தெரியாது. அம்மாவின் அந்தச் சந்தோசத்தையும் நானே உடைக்கப் போகிறேன், அதுதான் எனக்குப் பெரிய பயம். நீங்கள் வியாழன் அவவுக்கு போன் எடுத்து, அப்பா பேசாமல் இருந்தது என்னைக் காக்கத்தான் என்று சொல்லுங்கள், நான் சொன்னால் அழுதுவிடுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வழுக்கும் இடங்களில் சைக்கிளால் இறங்கி நடந்து போங்கள், நீங்கள் போகும் வீதியெல்லாம் கடவுள் கூட வரட்டும். வியாழனை மறக்க வேண்டாம்.

இம்முறை சுருக்காமல்,
உங்கள் தங்கை
கம்சிகா தர்மலிங்கம்