அனுமார் வந்தால் காலைப் பார்

பழையசீவரம்
18-7-1979, புதன்கிழமை

அன்புள்ள சுலோச்சனாவுக்கு,

உன் தாமோதரன் எழுதுவது. உயிரோடும் கொஞ்சம் வயிற்றுக் கடுப்போடும் இருக்கிறேன். நீயும் பவளமும் சுகம்தானே? ஏட்டு எங்கே என்று தெருவில் கேட்டால் டிரெயினிங் என்றே சொல்.

டிரெயினிங் என்றது பொய். திட்டாதே. பத்து நாளாகப் பகல்வேஷக்காரர்களோடு திரிகிறேன். ராமர், எமன், நாரதர் என்று வேஷம் கட்டி வீடு வீடாக ஆடி அரிசி வாங்குவார்கள். யார் வீட்டில் என்ன நகை என்று பார்த்துவைத்து, பிறகு வந்து அள்ளுவார்கள். போன மாதம் பாலாற்று மணலில் பிணமாகக் கிடந்த எல்லப்பன் இவர்களுடைய அனுமார். எனக்குத் துப்புச் சொன்னவனும் அவன்தான். "நான் மாட்டிக்கினா எம் பொண்டாட்டிய நீதான் சார் பாக்கணும்" என்றான். நான் சிரித்தேன். அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

செத்தவன் வேஷத்தைப் புதிதாகச் சேர்ந்தவன் கட்டுவது இவர்கள் வழக்கம். எல்லப்பனின் முகமூடி எனக்கு வந்தது. முகமூடி பழசு, கயிறு மட்டும் புதுசு. பழைய கயிற்றைத் தலைவர் வேதகிரியின் பெட்டியில் பார்த்தேன். ரத்தம் காய்ந்திருக்கிறது. முகமூடியை நாமே கட்டிக்கொள்ள முடியாது, பின்னால் நின்று இன்னொருவர் முடிச்சுப் போட வேண்டும். எனக்கு நாரதர் வீராசாமி கட்டிவிடுகிறான். எல்லப்பன் செத்த அன்று அவனுக்குக் கட்டியது வேதகிரி என்று வீராசாமியே உளறினான்.

இன்று சலங்கை கட்டும்போது வேதகிரி என் கணுக்காலையே பார்த்தார். "இன்னாபா, பூட்ஸ் தழும்பு மாரி கீது?" என்றார். மில்லில் வாட்ச்மேனாக இருந்தேன் என்றேன். எந்த ஊர் என்றார். புத்திகெட்டுப்போய் நம் ஊர் உத்திரமேரூரையே சொல்லிவிட்டேன். "அப்ப வெள்ளிக்கிழம அங்கியே போலாம். நாளைக்கு மாகறல்ல உனுக்கு நானே கட்டிவுடறேன்" என்றார்.

இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நாளை மதியம் ஜீப் வரும். ஆட்டம் காலையிலேயே. நான் இன்று ஓடிவந்தால் கயிற்றை எரித்துவிடுவார்கள். எல்லப்பன் குடித்துவிட்டு ஆற்றில் விழுந்தான் என்று கேஸ் முடிந்துவிடும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, சுலோ.

அனுமார் என்றால் பவளம் ஓடிப்போய் வாலைப் பிடிப்பாள். வெள்ளிக்கிழமை அவளை வெளியே விடாதே. அனுமார் வந்தால் ஜன்னல் வழியாக முதலில் காலைப் பார். நீ எண்ணெய் தடவிவிடும் தழும்பு இருந்தால் கதவைத் திற. இல்லையென்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து வழியாக ஸ்டேஷனுக்கு ஓடு.

அப்புறம் எல்லப்பன் பெண்டாட்டி சிட்டம்மாளைப் போய்ப் பார். அவளைப் பார்த்துக்கொள்வதாக நான் சொல்லாமல் விட்டதை நீ சொல்லிவிடு.

நீங்கள் இருவரும் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தாமோதரன்