கையைக் கடித்த ஆடு

கதை எழுதிய ஐயாவுக்கு,

முகம் தெரியாத ஒரு கிழவன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதச் சொல்வது. நான் கேட்கப்போவது ஆற்றுப் பாலத்தைத் திறந்துவிட்ட வருடத்து விஷயம். வருடத்தின் எண் எனக்குத் தெரியாது. ஆனால் அதே வருடம்தான் மழை ஏமாற்றி, குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது. நான் வேலை பார்த்த சோப்பு ஆலையில் வேலைநிறுத்தம் முடிந்து, சோப்புக் காய்ச்சுகிற பெரிய கொப்பரையை இறக்கினார்கள். என் மனைவிக்கு முன்பல் விழுந்தது. அந்த வருடம் என் வீட்டு அறைக்குள் நான் சொன்ன ஒரு விஷயம் உங்கள் புத்தகத்துக்குள் எப்படி வந்தது? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு எழுதப் படிக்க வராது. சலூன்காரர்தான் எழுதுகிறார். சொன்னதை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அங்கங்கே வெட்டி அழகுபடுத்திவிடுவாரோ என்று பயம்தான், தொழில் அப்படி. வீட்டில் மூத்த மருமகள் முத்து முத்தாக எழுதுவாள். இந்த விஷயத்தில் அவள் மேலேயே எனக்குச் சந்தேகம். அதனால் உங்கள் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தேன். பின்னட்டையில் விலாசம் இருக்கிறதாம்.

மருமகளைக் குறை சொல்லக் கூடாது. மூத்த மகன் காலமான பிறகும் என்னை வைத்துப் பார்க்கிறாள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். போன மாதம் ஒரு நாள், வேதப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் கதையை எடுத்தாள். சிறகு முளைத்த ஓநாய்க்குட்டியாம். நட்சத்திரத்தைத் திரியாகப் போட்டு விளக்கேற்றுகிற ஒருவனாம். நான் கடைசி பெஞ்சில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இனிப்புத் தடவி என்னத்தையோ ஊட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

விளக்கேற்றுகிறவன் மற்றக் குட்டிகளையெல்லாம் விட்டுவிட்டு, சுரங்கத்தில் விழுந்த அந்த ஒன்றைத் தேடி இறங்குகிறான். சரிதான், காணாமற்போன ஆட்டைத் திருடி ஓநாய்த்தோல் போர்த்தியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. இதில் யார் தெரிகிறார் என்று மருமகள் கேட்க, பிள்ளைகள் ஒரே குரலில் மேய்ப்பர் என்றார்கள். அதுவரை பொறுத்துக்கொண்டேன். அப்புறம்தான் அந்தக் குட்டி, தூக்க வந்தவனுடைய கையைக் கடிக்கிறது. எலும்பு வரைக்கும் கடிக்கிறது. அவன் கீழே விடவில்லை.

வேதத்தில் ஆடு கடிக்கவில்லை, ஐயா. மத்தேயுவிலும் இல்லை, லூக்காவிலும் இல்லை. எனக்கு எல்லாம் காது வழியாக ஏறியது. ஏறியது இறங்காது. அந்தக் கடித்த ஆடு என் வீட்டு ஆடு.

கொப்பரை இறக்கிய அன்று சோப்புக் காரம் தெறித்து என் வலது கை வெந்துபோனது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சின்ன மகன் கட்டிலில் ஏறி நின்று, யார் கடித்தது, எது கடித்தது என்று துளைத்தெடுத்தான். காணாமற்போன ஆட்டின் கதை என்றால் அவனுக்கு உயிர். அதனால், "மேய்ப்பர் தூக்குனப்போ அந்த ஆடு பயந்து கையைக் கடிச்சிருச்சுடா. கடிச்சாலும் அவர் கீழ விடல" என்றேன். கை எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்திருந்த போதகர் முகத்தைச் சுளித்தார். வேதத்தோடு ஒன்றும் கூட்டாதீர்கள் என்றார். அதற்குப் பிறகு அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சின்னவன் வளர்ந்தான். காய்ச்சலில் போன அவன் அண்ணனைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது, கல்லறை வாசலில் என்னை நிறுத்தினான். "ஒரு ஆடு போச்சேப்பா, உங்க மேய்ப்பர் தேடி வந்தாரா?" என்றான். இனி கோயில் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லி, அந்த வாரமே ஊரை விட்டுப் போய்விட்டான். இருக்கிறானா இல்லையா என்று கூடத் தகவல் இல்லை.

கதை எழுதியது யார் என்று மருமகளைக் கேட்டேன். அட்டையில் புனைபெயர்தான் இருக்கிறது, உங்களுக்கு எதற்கு மாமா என்றாள். என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிறவள் இல்லை அவள். தபாலில் வந்ததா என்று கேட்டால், பால் பொங்குகிறது என்று எழுந்து போகிறாள். அடுப்பையே அவள் பற்றவைக்கவில்லை.

நீங்கள் வேறு யாரோ என்றால், கிழவனின் சந்தேகத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடியை உங்களுக்குச் சொன்னது யார் என்று மட்டும் எழுதுங்கள். நம்பி எழுதினீர்களா, இல்லை, கதைக்குச் சுவையாக இருக்கட்டும் என்று எழுதினீர்களா, அதையும் சொல்லுங்கள். எதுவானாலும் கேட்டுக்கொள்வேன், சபையில் சொல்ல மாட்டேன். எழுதுகிற கையைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. வேளாவேளைக்குச் சாப்பிடு.

சலூன்காரர் இங்கே நிறுத்தி, முதலில் ஐயா என்றீர்களே, இப்போது சாப்பிடு என்கிறீர்களே, மாற்றட்டுமா என்கிறார். மாற்ற வேண்டாம் என்றேன்.

கீழே இருப்பது என் பெருவிரல் ரேகை. அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களையும் எழுதிவிடச் சொல்கிறேன். போதகர் அடுத்த வருடமே கர்த்தரிடம் போய்விட்டார். என் மனைவி போய்விட்டாள். மூத்தவனும் போய்விட்டான். என்னைத் தவிர அந்தக் கடி தெரிந்து இன்னும் உயிரோடு இருப்பது, கேள்வி கேட்டே எங்கள் பிராணனை வாங்கிய சின்னவன், என் குடைச்சல்.