மீன் காய்ச்சாத மாதம்

ஓகஸ்ட் 28, வியாழன்

லைற்றை அணைத்துப் படுத்தும் நித்திரை வரவில்லை.

எங்கள் ஐஸ் தொழிற்சாலையில் ஐஸ் அடுக்கும் அறையின் சுவர்களைப் போன மாதம் உடைத்து, வெப்பம் புகாத பலகை வைத்துக் கட்டினோம். அதன்பிறகு மின்சாரச் செலவு பாதியாகக் குறைந்தது. காபன் குறைப்புத் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி இன்று மற்ற ஐஸ்காரரையும் கூட்டிவந்து என்னைப் பேசச் சொன்னார். நானும் பெருமை பொறுக்காமல் அளந்து தள்ளினேன். பருத்தித்துறையில் ஐஸ் போடும் ராசன் அண்ணை எழும்பி, "தங்கச்சி சொன்னால் காணும். விடிய என்ரை சுவரையும் உடைக்கிறன்" என்றார்.

இரவுச் சாப்பாட்டில் இவர் மீன் குழம்பை அள்ளி ஊற்றிக்கொண்டு, "இஞ்சரும், நல்லூர் கொடியேறினதிலை இருந்து இண்டைக்குத்தானே மீன்!" என்றார்.

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நல்லூர்க் கந்தன் திருவிழா முடியும்வரை பாதி யாழ்ப்பாணம் மீனைத் தொடவில்லை. மீன் வியாபாரிகள் வழக்கமான அளவுக்கு ஐஸ் எடுக்கவில்லை. நாங்களும் பாதி இயந்திரங்களை நிறுத்தித்தான் வைத்திருந்தோம். வருடாவருடம் நடப்பதால் அது என் கண்ணில் படவேயில்லை. பலகை மிச்சம் பிடித்தது எவ்வளவு, ஊரின் விரதம் மிச்சம் பிடித்தது எவ்வளவு? எனக்கே தெரியாது.

சுவரை உடைக்கவேண்டாம் என்று சொல்ல ராசன் அண்ணைக்குப் போன் எடுத்தேன். "வேலை எத்தினை மணிக்குத் தொடங்குவியள், அண்ணை?" என்று மட்டும் கேட்டேன்.

"விடியுமட்டும் பொறுக்கேலாமல் இப்பவே தொடங்கீட்டம், தங்கச்சி. சத்தம் கேக்குதே?"

சுவரில் அலவாங்கு விழுந்துகொண்டிருந்தது.

போனை வைத்த பிறகும் கேட்கிறது.