பலகையில் எழுதிய வாக்கியம்

ஆகஸ்ட் 1963, திங்கட்கிழமை.

காலையில் ஏழாம் வகுப்புக்கு ‘இன்வால்வ்’ என்ற ஆங்கில வினைச்சொல்லை நடத்தினேன். ஒரு காரியத்தில் தன்னையோ பிறரையோ உட்படுத்துவது என்று பொருள் சொன்னேன். உதாரணத்துக்கு, ‘அடுத்தவர் விவகாரத்தில் உன்னை இன்வால்வ் செய்துகொள்ளாதே’ என்று ஆங்கிலத்தில் பலகையில் எழுதினேன். எழுதும்போது பக்கத்து வீட்டு ராஜம்மாதான் மனதில் இருந்தாள். என் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது வரை விசாரிப்பவள்.

அப்போதுதான் தரை அதிர்ந்தது. சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட். என் வீட்டுக்காரர் காலை ஷிஃப்டில் கீழே இருந்தார்.

ராஜம்மா வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டாள். “இன்னா டீச்சர், இன்னும் நின்னுக்குனு கீறீங்க? வாங்க, ஷாஃப்டாண்ட போலாம்.”

அவள் புருஷன் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். சுரங்கத்துக்குள் அவளுக்கு யாருமில்லை. ஆனாலும் சுரங்க வாயிலில், ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வரும்போதெல்லாம் எனக்கு முன்னால் எட்டிப் பார்த்தாள். இவர் அதிலிருந்து இறங்கியதும் முதலில் அழுததும் அவள்தான்.

சாயந்திரம் என்ன குழம்பு என்று கேட்கவில்லை. அவளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

இவர் தூங்குகிறார். நாளை பிள்ளைகள் வருவதற்குள் போய் அந்தப் பலகையை அழித்துவிட வேண்டும்.